இரவு உறங்கும் உயரம்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு அழைத்துப்போகும் நிறுவனங்களின் பயணத்திட்டத்தைக் கையில் வாங்கியவுடன் பெரும்பாலோர் மூன்று விஷயங்களைத்தான் தேடுகிறார்கள். மொத்தம் எத்தனை நாள், எவ்வளவு பணம், அறையோடு சேர்ந்த குளியலறை கிடைக்குமா. ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கப்போகிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. அந்த உயரங்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், திட்டத்தைப் போட்டவருக்கு மலை தெரியுமா தெரியாதா என்பது விளங்கிவிடும். காலணி, கனத்த கோட்டு, உடற்பயிற்சி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்டது அந்த உயர வரிசை என்பது என் உறுதியான கருத்து.

மேலே போகப்போக காற்றில் ஆக்சிஜன் குறையும் என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். உண்மையில் விகிதம் குறைவதில்லை. மெரினா கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும் அழுத்தம், 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜாரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. 5,364 மீட்டரில் இருக்கும் அடிவார முகாமில் பாதியை ஒட்டி நிற்கிறது. 1981இல் கிறிஸ்டோபர் பிட்சோ என்ற அமெரிக்க மருத்துவர் எவரெஸ்ட் உச்சியிலேயே அழுத்தமானியை வைத்து அளந்தார். கிடைத்த அளவு 253, அதாவது மூன்றில் ஒரு பங்கு. நுரையீரலின் சிற்றறைகளிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது இந்த அழுத்தம்தான். அது தளர்ந்தால், எவ்வளவு இழுத்து மூச்சு விட்டாலும் ரத்தத்துக்குள் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும்.

நம் ஊர்க்காரர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் மிக உயரமான இடமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். இலங்கையின் பீதுருதாலகாலை 2,524 மீட்டர். எவரெஸ்ட் பாதையில் விமானம் இறங்கும் லுக்லா இவை இரண்டையும்விட உயரம், சுமார் 2,850 மீட்டர். நாம் ஏறிப் பழகிய மலைகளெல்லாம் முடிகிற இடத்துக்கும் மேலேதான் அங்கே முதல் அடியை வைக்கிறோம். வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஏறி இறங்கினால் கால் பலப்படும். ஆனால் உயரத்துக்குப் பழகும் வேலை அங்கே தொடங்கவே தொடங்காது.

உயரத்தை உடம்பு தாங்குமா என்ற கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கொடுமையான விடை கிடைத்தது. 1875இல் ஜெனித் என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேலே போனார்கள். கூடவே ஆக்சிஜன் பைகளும் இருந்தன. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் கையை நீட்டி அதன் குழாயை எடுக்கும் தெம்பு அவர்களுக்கு இல்லை. குரோசே ஸ்பினெல்லியும் சிவெலும் இறந்துபோனார்கள். காஸ்தோன் திசாந்தியே மட்டும் பிழைத்தார். 1978இல் ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் ஆக்சிஜன் உருளை இல்லாமல் 8,848 மீட்டர் எவரெஸ்ட் உச்சிக்குப் போய்த் திரும்பினார்கள். பலூனில் போனவர்கள் சில மணி நேரத்தில் உயர்ந்தார்கள். மெஸ்னரும் ஹாபெலரும் பல வாரங்கள் எடுத்துக்கொண்டார்கள். மனிதரின் இயல்பு ஒன்றுதான், கொடுக்கப்பட்ட நேரம் வேறு.

அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்கிறது? கழுத்தின் இருபுறமும் ஓடும் பெரிய தமனி கிளை பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை முதலில் உணர்வது அதுதான். அது மூளைக்குச் சேதி அனுப்ப, மூச்சு வேகமாகிறது. வேகமான மூச்சில் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வெளியேறிவிடுவதால் ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. உடனே மூளை, 'மூச்சைக் குறை' என்று எதிர் உத்தரவு போடுகிறது. ஆக்சிஜனுக்காக வேகப்படுத்தச் சொல்லும் ஒரு கட்டளையும் காரத்தைச் சரிசெய்ய மெதுவாக்கச் சொல்லும் இன்னொரு கட்டளையும் ஒரே நேரத்தில் மோதிக்கொள்கின்றன.

இந்த மோதலை இரவில் காதால் கேட்கலாம். மெல்லிய ஒட்டுப்பலகைச் சுவர் வைத்த விடுதி அறையில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், பிறகு சிறிதாகும், பிறகு நின்றே போகும். பத்து விநாடி போல ஓசையே இருக்காது. எழுப்பலாமா என்று நாம் எழுந்து உட்காரும்போது ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்கும். புதிதாகப் பார்ப்பவருக்குக் குலைநடுங்கும். ஆனால் அந்த உயரத்தில் நலமாக இருப்பவர்களுக்கும் இது வருவதுண்டு. பகலில் அவர் தெளிவாக இருந்தால் இதை நோயாகக் கொள்ள வேண்டியதில்லை.

மோதலைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். ரத்தத்தில் மிஞ்சிய பைகார்பனேட்டை அது சிறுநீரில் கழித்து, காரத்தன்மையைக் குறைத்து, மூச்சுக்கு வழிவிடுகிறது. இந்த வேலைக்குச் சில நாட்கள் பிடிக்கும். டயமாக்ஸ் என்று கடைகளில் கேட்கப்படும் அசிட்டசோலமைடு மாத்திரை செய்வது இதே வேலையை விரைவுபடுத்துவதுதான். உயரத்துக்குப் பழகாத உடம்புக்கு வரும் மலைநோயை அது மறைப்பதில்லை, பழகுவதைத் துரிதப்படுத்துகிறது. நோய் வராமல் தடுக்கப் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனிகள் மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

ரத்தச் சிவப்பணுக்கள் பெருகுவது இதற்கெல்லாம் பின்னால் நடப்பது. அதைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஹார்மோன் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கிவிடும். ஆனால் சொல்லிக்கொள்ளும்படி அணுக்கள் கூட வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் நடைப்பயணமே முடிந்துவிடும். அதனால் கிளம்பும்போது ரத்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கைமுதல். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதி ஆக்சிஜன் கிடைக்கும் இடத்துக்கு, அதைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் குறைவாக இருக்கும் நிலையில் போகக் கூடாது. மூன்று மாதம் முன்னதாக ஹீமோகுளோபினையும், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சோதித்துவிட்டால், குறை இருந்தாலும் சரிசெய்துகொள்ள அவகாசம் இருக்கும். பலர் கோட்டு வாங்கச் செலவிடும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்தச் சோதனைக்குக் காட்டுவதில்லை.

இப்போது இரவுகளின் வரிசைக்கு வரலாம். மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரம் ஓர் இரவிலிருந்து அடுத்த இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் பரவாயில்லை, தூங்க இறங்கி வந்துவிட வேண்டும். தூக்கத்தில் மூச்சு தானாகவே மட்டுப்பட்டு ரத்தத்தில் ஆக்சிஜன் மேலும் இறங்குவதால்தான் கணக்கை இரவை வைத்துப் போடுகிறார்கள்.

எவரெஸ்ட் பாதையில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். லுக்லாவில் இறங்கிய அன்றே கீழ்நோக்கி நடந்து ஃபாக்டிங்கில், அதாவது 2,610 மீட்டரில் தங்குவார்கள். மறுநாள் தூத்கோசி ஆற்றின் மேல் உயரத்தில் தொங்கும் பாலத்தைக் கடந்து, பைன் மரங்களுக்கிடையே செங்குத்தாக ஏறி, 3,440 மீட்டர் நாம்சே. ஒரே நாளில் 830 மீட்டர். வழக்கமான திட்டங்களில் இந்தத் தாவல் இருக்கிறது. ஈடாக நாம்சேயில் இரண்டு இரவு. நடுவில் கிடைக்கும் பகலில் 3,880 மீட்டர் வரை ஏறி, எவரெஸ்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, இறங்கி வந்து தூங்க வேண்டும். அடுத்தது தெங்போச்சே 3,860, பிறகு திங்போச்சே 4,410. அங்கேயும் இரண்டு இரவு. பிறகு 4,900ஐத் தாண்டும் லோபுச்சே, 5,160ஐ ஒட்டிய கோரக்ஷேப். அங்கிருந்து அடிவார முகாமுக்குப் பகலில் போய்வந்து கோரக்ஷேப்பிலேயே படுப்பார்கள்.

விலையைக் குறைக்க நினைக்கும் நிறுவனம் முதலில் வெட்டுவது திங்போச்சேயின் அந்த இரண்டாவது இரவைத்தான். 'உங்கள் குழு இளைஞர்கள், தாங்கிவிடுவார்கள்' என்பார்கள். அதை நம்பக் கூடாது. திங்போச்சேக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில், 4,243 மீட்டரில் இருக்கும் ஃபெரிச்சேயில், பீட்டர் ஹேக்கெட்டும் டிரம்மண்ட் ரென்னியும் 278 நடைப்பயணிகளை ஆராய்ந்து 1976இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 53 சதவீதம் பேருக்கு மலைநோய் இருந்தது. லுக்லாவுக்கு விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கும், வேகமாக ஏறியவர்களுக்கும், வழியில் தங்கிய இரவுகள் குறைந்தவர்களுக்கும் அதிகம். இளவயதினருக்கும் அதிகம். நல்ல உடற்கட்டு இருப்பவர் வேகமாக நடக்கிறார், வேகமாக நடப்பவர் சீக்கிரம் உயரத்துக்குப் போய்ச் சேர்கிறார், சிறுநீரகமோ தன் வேகத்தில்தான் வேலை செய்கிறது.

அதற்கு முன்பே இந்திய மருத்துவர்களுக்கு இது தெரிந்திருந்தது, மிகவும் வேதனையான வழியில். 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து இமயத்துக்கு அவசரமாக ஏற்றப்பட்ட நம் படைவீரர்கள் கூட்டங்கூட்டமாக விழுந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் மலைநோய் கண்ட 1,925 வீரர்களின் நிலையை ஆராய்ந்து 1969இல் எழுதிய கட்டுரை, இன்றும் உலகம் முழுவதும் இந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த வீரர்கள் உடல்தகுதி இல்லாதவர்கள் அல்ல. அவர்களுக்குக் கிடைக்காதது இரவுகள்.

வழிகாட்டியோடும் குழுவோடும் போனால் பாதுகாப்பு என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காத்மாண்டுவில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் டேவிட் ஷ்லிம், நேபாளத்தில் இறந்த நடைப்பயணிகளைப் பற்றி 1992இல் வெளியிட்ட ஆய்வு கவலை தருவது. மலைநோயால் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்பாடு செய்யப்பட்ட குழுக்களில் வந்தவர்கள். அத்தனைக்கும் அந்தக் காலத்தில் நடக்க வந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அப்படிக் குழுவாக வந்தவர்கள். காரணம் ஊகிக்கக் கூடியது. தனியாகப் போகிறவர் தலைவலித்தால் ஒருநாள் தங்கிவிடுவார். குழுவில் இருப்பவருக்கு அடுத்த ஊரில் அறை எடுத்தாகிவிட்டது, திரும்பும் விமானச்சீட்டு எடுத்தாகிவிட்டது, பன்னிரண்டு பேரின் பயணம் தன்னால் கெடக் கூடாது என்ற கூச்சம் வேறு. தலைவலி என்று வாய்திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுகிறார்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது, ஒருவருக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்பதே. அவரோடு கீழே இறங்கத் தனியாக ஒரு துணை வழிகாட்டி இருக்கிறாரா? திட்டத்தில் யாருக்கும் ஒதுக்காத உபரி நாள் உண்டா? ஆக்சிஜன் உருளையோ, உள்ளே ஆளைப் படுக்கவைத்துக் காற்றடித்துத் தாழ்ந்த உயரத்தின் அழுத்தத்தை உண்டாக்கும் காமோ பையோ கூட வருமா? நேபாளச் சுற்றுலா வாரியம் 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு நடைப்பயணிகளுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியைக் கட்டாயமாக்கியது. எவரெஸ்ட் வட்டாரத்தின் உள்ளாட்சி அதை ஏற்கவில்லை. சட்டம் எப்படியிருந்தாலும், முதல்முறை போகிறவருக்கு வழிகாட்டி வேண்டும் என்றே சொல்வேன்.

சுமைதூக்குபவர்களைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும். அவர்கள் எல்லோரும் ஷெர்பாக்கள் அல்ல. ஷெர்பாக்களின் முன்னோர் திபெத்தியப் பீடபூமியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். அந்த மக்களிடம் இபிஏஎஸ்1 என்ற மரபணுவின் தனி வடிவம் இருப்பதும், அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திலிருந்து வந்ததும் 2010 முதல் தெரியவந்த அருமையான செய்திகள். ஆனால் சுமை தூக்க வருபவர்களில் ராய், தமாங் போன்ற நடுமலை ஊர்க்காரர்கள் நிறைய. நம்மைப் போலவே அவர்களுக்கும் மலைநோய் வரும். சம்பளம் போய்விடுமே என்று அவர்கள் நம்மைவிட அதிகமாக மறைப்பார்கள். அவர்களுக்குக் காப்பீடு, குளிருக்கு உடுப்பு, கூரையுள்ள படுக்கை, ஆளுக்கு எத்தனை கிலோ சுமை என்று கேட்பது வாடிக்கையாளரின் கடமை. மழுப்புகிற நிறுவனத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

மலையில் மாலைநேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். விடுதியின் உணவுக்கூடத்தில் நடுவில் இரும்பு அடுப்பு, அதில் காய்ந்த யாக் சாணம் எரியும். எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். வழிகாட்டி ஒவ்வொருவர் விரலிலும் ஆக்சிமீட்டரை மாட்டி எண்ணை நோட்டில் குறிப்பார். 78 வந்தவர் முகம் வாடிவிடும், 86 வந்தவர் நிமிர்ந்து உட்காருவார். 5,000 மீட்டரில் இரண்டுமே இயல்புதான். கை சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறாகக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல வழிகாட்டி. தட்டில் சாதம் மிச்சமா, பேச்சு குறைந்துவிட்டதா, காலணியின் முடிச்சை அவிழ்க்கத் தடுமாறுகிறாரா என்று அவர் கண் போகும்.

தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ அதீத களைப்போ சேர்ந்தால் மலைநோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதே இடத்தில் தங்கினால் ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும், குறையும்வரை மேலே ஏறக் கூடாது. குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார் என்றால் மூளையில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறது, இருமல் விடவில்லை என்றால் நுரையீரலில் நீர் சேர்கிறது. பின்னது பெரும்பாலும் புதிய உயரத்தின் இரண்டாம் இரவை ஒட்டி வரும். இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவதுதான், இரவாக இருந்தாலும் கூடவே ஆள் வைத்து. டெக்சாமெதசோன், நிஃபெடிபின், ஆக்சிஜன் எல்லாம் இறங்குவதற்குத் துணை.

கால்களுக்கான பயிற்சி எளிமையானது, பொறுமைதான் வேண்டும். மூன்று மாதம், வாரத்தில் நான்கைந்து நாள், முதுகில் ஆறேழு கிலோ பையோடு மாடிப்படி. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது, தசையிழைகள் கிழிந்து வலிப்பது அப்போதுதான். லிஃப்டில் இறங்கிவிட்டால் பாதிப் பயிற்சி போயிற்று. மலையில் வேகம் எவ்வளவு என்றால், பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு. மூச்சு வாங்கிச் சொல் உடைந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஒரே அளவு ஆக்சிஜனில் கொழுப்பைவிட மாவுச்சத்து சற்று அதிக ஆற்றல் தரும், அங்கே கிடைக்கும் பருப்புச்சோறு நமக்குப் பழகிய உணவு. பசி எடுக்காது, ஆனாலும் சாப்பிட வேண்டும். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் மலைநோய் வராது என்பது தவறு, ரத்தத்தில் உப்பு குறைந்து வேறு தொல்லை வரும். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மட்டுப்படுத்துபவை, ஏறி முடியும்வரை வேண்டாம். காப்பீட்டுப் பத்திரத்தில் 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பல பத்திரங்கள் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும். லுக்லாவின் ஓடுபாதை வெறும் 527 மீட்டர், மலைச்சரிவில் சாய்வாக அமைந்தது. மேகம் மூடினால் விமானம் வராது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது காலியாக வைத்தால்தான் மேலே யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

இத்தனை பாடுபட்டுப் பெற்ற பழக்கம் ஊர் திரும்பிச் சில வாரங்களில் போய்விடும். சென்ற ஆண்டு எவரெஸ்ட் அடிவாரம் பார்த்தவர் இந்த ஆண்டு கயிலாயம் போனால் மறுபடி முதலிலிருந்துதான். தமிழகத்திலிருந்து அங்கே போகிற யாத்திரிகர்களில் பலர் நேபாளச் சமவெளியிலிருந்து சிறு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் எல்லைக்குப் போய், சில நாட்களிலேயே 4,590 மீட்டர் மானசரோவரில் தூங்கி, 5,600ஐத் தாண்டும் டோல்மா கணவாயில் ஏறுகிறார்கள். உடம்பு பழகியது மறைந்துவிட்டாலும், ஒருமுறை உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்தவருக்கு அதே வேகத்தில் ஏறினால் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அடுத்த பயணத்தில் ஒருவருக்கு என்ன ஆகும் என்று கணிக்க, முந்தைய பயணத்தில் என்ன ஆயிற்று என்பதைவிட நல்ல அடையாளம் மருத்துவர்களிடம் இல்லை. எந்த ஊரில், எத்தனை மீட்டரில், ஏறிய எத்தனையாவது இரவில் தலைவலி தொடங்கியது, எந்த மருந்துக்குக் கேட்டது, எவ்வளவு இறங்கியதும் தெளிந்தது என்று நடக்கும்போதே ஒரு சிறு நோட்டில் எழுதிவைத்து, கயிலாயத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.